ரீத்தாவின் புறங்கை

நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நம்பாத ஆளிடம் சொன்னால்தான் எனக்கும் கொஞ்சம் நிம்மதி, ஏனென்றால் நானே அந்தக் கட்சிதான். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் எனக்கு எடை மேடையில் வேலை. நிலக்கரி ஏற்றிய லாரி வந்து மேடையில் நிற்கும், திரையில் எண் விழும், சீட்டு அடித்துக் கொடுப்பேன், அவ்வளவுதான். டிரைவர் எந்தச் சாமி மேல் சத்தியம் செய்தாலும் மேடை சொல்வதுதான் எடை. காலமெல்லாம் இந்த வேலையைப் பார்த்த ஒருவனிடம் பேய், குறி, தாயத்து என்று யாராவது பேசினால் எரிச்சல்தான் வரும், எனக்கும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவேன், அதுகூட ரீத்தா கூப்பிடுவாள் என்பதற்காகப் போனதுதான்.

ரீத்தா என் மனைவி. குரும்பகரத்துப் பெண். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னைக் கிண்டல் செய்வதை ஒரு வேலையாகவே வைத்திருந்தாள். நான் வீட்டுக்குள் நுழையும்போதே, "எடையெல்லாம் போட்டு முடிச்சாச்சா, நான் வேணா ஒருதடவ ஏறி நிக்கவா" என்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் வீட்டில் கேட்கிற பேச்சுச் சத்தம் முழுக்க அவளுடையதுதான், நான் காது கொடுக்கிற ஆள், அதுவும் பாதி நேரம் டிவியைப் பார்த்துக்கொண்டே. மார்பில் இருப்பது புற்றுக்கட்டி என்று டாக்டர் சொன்ன அன்றுகூட, புதுச்சேரியிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.

அறுவை சிகிச்சை முடிந்தது, கீமோ தொடங்கியது. முடி கொட்டியதைப் பற்றி அவள் பெரிதாகக் கவலைப்படவில்லை, விரல்கள் மரத்துப்போனதுதான் அவளை வாட்டியது. அந்த மருந்துக்கு அப்படி ஆகும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். கீரை ஆய முடியவில்லை, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, நாணயம் கீழே விழுந்தால் எடுக்க முடியவில்லை. குளிக்கிற தண்ணீர் சுடுகிறதா என்று ஒருநாள் விரலை விட்டுப் பார்த்து, எதுவும் தெரியாமல் அப்படியே வைத்திருந்து, விரல் நுனியெல்லாம் கொப்புளம். அதற்குப் பிறகு எதையும் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பாள், அங்கே மட்டும் கொஞ்சம் உணர்ச்சி மிச்சம் இருந்தது. வாளித் தண்ணீரில் புறங்கையை வைப்பாள், சட்டென்று எடுத்துவிடுவாள், மறுபடி வைத்து அப்படியே விட்டுவிடுவாள். எனக்குக் காய்ச்சலடித்தால் நெற்றியிலும் அதே மாதிரிதான், வைத்து, எடுத்து, மறுபடி வைத்து விடுவது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரெய்கி எங்கள் வீட்டுக்குள் வந்தது விஜயா மூலமாக. விஜயா தலத்தெருவில் இருக்கிறாள், ஜாக்கெட் தைப்பவள். ஒரு பக்க மார்பை எடுத்த பிறகு ரீத்தாவின் ஜாக்கெட் எதுவும் அவளுக்குச் சரியாக இல்லை. அதையெல்லாம் பிரித்து மாற்றித் தைப்பதற்காக அளவெடுக்க வந்த விஜயா, ரீத்தாவுக்குத் தூக்கமே இல்லை என்று தெரிந்துகொண்டு, "அக்கா, நான் கொஞ்ச நேரம் கைய வச்சுப் பாக்கட்டுமா" என்று கேட்டிருக்கிறாள். விஜயாவுக்கு முன்பு இடுப்புவலி இருந்ததாம், அதற்காகப் புதுச்சேரியில் போய் ரெய்கி செய்துகொண்டு, பிடித்துப்போய்த் தானே கற்றுக்கொண்டும் வந்துவிட்டாள். ஜப்பானிலிருந்து வந்த முறை, உள்ளங்கையை உடம்பின் மேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் சக்தி தானாக எங்கே வேண்டுமோ அங்கே போகும் என்று எனக்கு விளக்கினாள். "கரண்ட் பில் யாரு கட்டுறது" என்று கேட்டேன். ரீத்தா என்னை முறைத்தாள். அன்று அவள் மதியத்தில் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்த முறை புதுச்சேரிக்குப் போனபோது டாக்டரிடமே கேட்டுவிட்டேன், அவர் சிரித்து என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்து. அவர் சிரிக்கவில்லை. இதனால் கட்டி கரையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மருந்தை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது, மற்றபடி மனசு அமைதியாகித் தூக்கம் வருகிறதென்றால் தாராளமாகச் செய்யுங்கள் என்றார். விஜயாவும் அதையேதான் சொல்லியிருந்தாள், அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது.

விஜயாவால் வாரத்துக்கு ஒருமுறைதான் வர முடிந்தது. ரீத்தாவுக்கு அது போதவில்லை. "நீங்க கத்துக்கிட்டு வந்து தெனம் பண்ணிவிடுங்களேன்" என்றாள். நானா, என்றேன். "ஒங்க கை சும்மாதான இருக்கு" என்றாள். ஒரு சனி ஞாயிறு தலத்தெருவில் விஜயா வீட்டில் போய் உட்கார்ந்தேன். கண்ணை மூடி, கையைக் கூப்பி உட்கார வைத்து, பின்னால் நின்று ஏதோ செய்தாள், அதைத் தீட்சை என்றாள். எனக்குப் பசிதான் எடுத்தது. பிறகு முறை சொல்லிக் கொடுத்தாள். படுத்திருப்பவரின் கண் மேல் ஒரு மெல்லிய துணியைப் போட வேண்டும், நாம் தலைமாட்டில் உட்கார்ந்து கண், பின்தலை, தொண்டை என்று தொடங்கி மெல்லக் கீழே இறங்கி, கடைசியில்தான் பாதத்துக்கு வர வேண்டும். உள்ளங்கைதான் படவேண்டும், விரல்கள் சேர்ந்திருக்க வேண்டும். எடை மேடையில் உட்கார்ந்தவனுக்கு வரிசையும் முறையும் புதிதில்லை, நன்றாகவே கற்றுக்கொண்டேன்.

வீட்டில் முதல்நாளே ரீத்தா எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள்.

"தலையெல்லாம் வேணாங்க. நேரா காலுக்கு வாங்க."

"காலு கடைசியிலதான் ரீத்தா. அதான் முறை."

"முறையெல்லாம் நீங்க துறைமுகத்துல வச்சுக்குங்க. எனக்கு காலுதான் வேணும்."

துணியும் வேண்டாம் என்றாள். ஸ்கேன் மெஷினுக்குள் போய் வந்ததிலிருந்து இருட்டு ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் சொன்னாள். நானும் நம்பினேன்.

அப்படித்தான் அது தினப்படி வழக்கமானது. வேலை முடிந்து வந்து, நகத்துக்குள் போன கரியெல்லாம் போகிற மாதிரி சோப்பு போட்டுக் கை கழுவுவேன். கட்டிலின் கால்மாட்டில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, அதில் உட்கார்ந்து அவள் இரண்டு பாதத்தின் மேலும் உள்ளங்கையை வைப்பேன். டிவி கிடையாது, போன் கிடையாது, பேசவும் கூடாது என்று விஜயாவின் கண்டிப்பு. கடல்காற்று ஏறுகிற சாயந்திர நேரம், மேற்குப் பக்க ஜன்னலில் வெயில் சாய்ந்து வரும். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பேன்.

"சூடு வருதா?"

"வருதுங்க. நல்லா வருது."

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். ஒருசில நாள், "சக்தியோட சேத்து கொஞ்சம் கரியும் ஏத்துறீங்க போல" என்பாள். பிறகு கண் சொருகித் தூங்கிப்போவாள். என் கையில் எனக்கு எந்தச் சூடும் தெரிந்ததில்லை. ஒருநாள்கூட இல்லை. ஆனால் அவள் தினமும் வருகிறது என்றாள். எனக்கு அது பெரிய சமாதானமாக இருந்தது. வேறு எதற்குமே உதவாத என் கை இதற்காவது உதவுகிறதே என்று நினைப்பேன்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் கோயிலிலிருந்து ஒரு காலில் மட்டும் செருப்போடு வீட்டுக்கு வந்து நின்றாள். இன்னொன்று வழியில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது, அவளுக்குத் தெரியவே இல்லை. தெருவெல்லாம் தேடிக் கண்டுபிடித்து வந்து, "மாதாவுக்குக் காணிக்கை போட்டுட்டு வந்தியா" என்று கேட்டேன். இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தோம்.

மழைக்காலத்துக்கு முன்னால் ரீத்தா போய்விட்டாள். கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, வண்டி வந்து வாசலில் நிற்கும்போது, "காலப் புடிச்சுட்டு அப்பறம் போவோம்" என்று அடம் பிடித்தாள். டிரைவர் ஹாரன் அடிக்க அடிக்க உட்கார்ந்து கையை வைத்தேன். "இன்னக்கி ரொம்ப சூடா இருக்குங்க" என்றாள். அதற்கப்புறம் அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை.

அந்த வீட்டில் நான் எப்படி இருந்தேன் என்று சொல்ல எனக்குத் தெரியாது. சத்தம் இல்லை என்பதுதான் முதலில். டிவியை அலறவிட்டுப் பார்த்தேன், அது வேறு மாதிரிச் சத்தம். எனக்கு ரீத்தா வேண்டும், அவ்வளவுதான், ஐந்து நிமிஷம் வந்து உட்கார்ந்து கிண்டல் செய்துவிட்டுப் போனாலும் போதும். வேலை முடிந்து வருகிற நேரத்தில் பழக்கத்தில் சோப்பு போட்டுக் கையைக் கழுவிவிட்டு, கழுவின கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பேன். அந்த நேரத்தில்தான் அந்தக் கேள்வி வந்து பிடித்துக்கொண்டது. என் கையில் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்படியிருக்க அவளுக்கு மட்டும் எப்படிச் சூடு தெரிந்தது? நிஜமாகவே தெரிந்ததா, இல்லை நான் மனசு விட்டுவிடுவேன் என்று சொன்னாளா? அவளுக்குக் கடைசிக் காலத்தில் நான் செய்தது அது ஒன்றுதான். அதுவும் வெறும் வேஷமா என்பதை யாரிடம் போய்க் கேட்பது?

கல்லறைத் திருநாள் முடிந்த மறுநாள் விஜயா வந்தாள். முதல்நாள் கல்லறையில் எல்லோரோடும் நானும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, மழைத் தூறலில் அணைய அணைய மறுபடி ஏற்றிக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டு வந்ததில், தோள்பட்டையெல்லாம் இறுகிக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. விஜயாவின் கையில் ஒரு பை. அதற்குள் ரீத்தா கடைசியாகத் தைக்கக் கொடுத்திருந்த நீல ஜாக்கெட்.

"தச்சு முடிச்சு ரொம்ப நாளாச்சுண்ணே. கொண்டாந்து குடுக்க தைரியம் வரல."

நான் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் அதை மேசை மேல் வைத்தாள். என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "படுங்கண்ணே, கொஞ்ச நேரம் கைய வக்கிறேன்" என்றாள். வேண்டாம் என்றேன். "அக்கா சொல்லிட்டுத்தான் போனாங்க, அவர ஒருதடவையாவது படுக்க வச்சுப் பாருன்னு" என்றாள். ரீத்தா பெயரைச் சொன்னால் அப்போது நான் எதற்கும் மறுக்கக்கூடிய நிலையில் இல்லை.

அதே கட்டில், அதே சாயந்திர நேரம். வாசல் கதவு திறந்திருந்தது, தெருவில் மீன்காரம்மாவின் குரல் கேட்டது. இருட்டு, ஊளை, அமாவாசை என்று எதுவும் கிடையாது, நீங்கள் எதிர்பார்க்கிற எதுவும் கிடையாது. விஜயா ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்தாள், என் கண் மேல் துணியை மடித்துப் போட்டாள். அவள் இரண்டு உள்ளங்கையும் என் நெற்றியின் இரு பக்கத்திலும் வந்து உட்கார்ந்தன. சாதாரணக் கை, ஊசி குத்திக் காய்த்துப்போன விரல்கள். நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் என் வலது பாதத்தில் ஏதோ பட்டது. பட்டவுடன் விலகியது. மறுபடி வந்து பட்டது, அப்புறம் விலகவில்லை. அதே மாதிரி இடது பாதத்திலும்.

விஜயா எழுந்து காலுக்குப் போய்விட்டாள் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, அவள் கை இரண்டும் என் நெற்றியிலேயே இருக்கின்றன. அவள் மூச்சு என் உச்சந்தலைக்கு மேல் கேட்கிறது. ஆனால் பாதத்தில் இரண்டு கை இருக்கிறது. உள்ளங்கை இல்லை. விரல்களின் கணுக்கள் வரிசையாக, எலும்பு எலும்பாக, என் பாதத்தின் மேல் பதிந்திருந்தன. புறங்கை.

நான் அசையவில்லை. பயமா என்று கேட்பீர்கள். பயம் இல்லை, அசைந்தால் போய்விடும் என்ற கவலை மட்டும்தான். தண்ணீர் வாளி, என் நெற்றி, காய்ச்சல் நாள்கள், எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று தெரியாது. எப்போது விலகியது என்பதும் தெரியவில்லை, ஒரு கட்டத்தில் பாதத்தில் வெறும் காற்று மட்டும் இருந்தது. துணியைப் பிடுங்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். கால்மாட்டில் யாரும் இல்லை. சிவப்பு நாற்காலி மட்டும், அது எப்போதும் கிடக்கிற இடத்தில்.

"காலத் தொட்டியாம்மா?"

"இல்லண்ணே. இன்னும் கழுத்துக்கே வரலியே."

எனக்கும் உங்களுக்குத் தோன்றுகிற காரணமெல்லாம் தோன்றியது. ரத்தம் ஓடாமல் கால் மரத்திருக்கும், திரைச்சீலை பட்டிருக்கும், பூனை வந்திருக்கும். எங்கள் வீட்டில் பூனை கிடையாது, ஜன்னல் எட்டத்தில் இருக்கிறது. விஜயாவிடம் சொன்னேன். அவள் உடனே, "சக்தி தானாவே காலுக்கு எறங்கியிருக்கும்ணே" என்றாள், எனக்குக் கோபம் வந்தது. சக்திக்குக் கணு இருக்குமா என்று கேட்டேன். புறங்கை என்று அழுத்திச் சொன்ன பிறகு அவள் முகம் மாறிவிட்டது. ரெய்கி செய்கிறவர்கள் யாரும் புறங்கையை வைப்பதில்லை, அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"அவளுக்குக் காலுதாம்மா பிடிக்கும்" என்றேன். "தெனம் கால்லதான் வைக்கச் சொல்லுவா. சூடு நல்லா வருதும்பா."

விஜயா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அண்ணே, அக்காவுக்குக் கால்ல உணர்ச்சியே இல்லியே."

எனக்குப் புரியவில்லை.

"கை மரத்தப்பவே காலும் மரத்துப்போச்சுண்ணே. கணுக்காலுக்குக் கீழ கிள்ளினாக்கூட தெரியாதும்பாங்க. ஆஸ்பத்திரில நர்ஸம்மாகிட்டயும் சொல்லியிருக்காங்க. ஒங்ககிட்ட மட்டும் சொல்ல வேணாம்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாங்க. நீங்க ஏற்கனவே ஒடஞ்சு போயிருக்கீங்க, இதுவேற எதுக்குன்னு."

செருப்பு நினைவுக்கு வந்தது. தெருவெல்லாம் தேடி எடுத்து வந்து கிண்டல் செய்தேனே, அந்தச் செருப்பு.

விஜயா போன பிறகு அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, ஆனால் இப்படிக் கிடைத்திருக்க வேண்டாம். சூடு வரவில்லை. வந்திருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது. தினமும் ஒரு மரக்கட்டையைப் பிடிப்பது மாதிரிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவளும் வருது வருது என்று சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் தலையில் வைக்க விட்டிருக்கலாமே, அங்கே உணர்ச்சி இருந்ததே. உணர்ச்சி இல்லாத இடமாகப் பார்த்து ஏன் பிடிக்கச் சொன்னாள்? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

முடியாமல் மறுபடி அந்தக் கட்டிலிலேயே சாய்ந்தேன், அவள் தலை வைத்துப் படுக்கிற பக்கமே தலையை வைத்து. கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். நேர் எதிரே சிவப்பு நாற்காலி. மேற்கு ஜன்னலிலிருந்து வந்த வெயில் நேராக அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. அதில் யாராவது உட்கார்ந்தால் அவர் முகம் பளிச்சென்று தெரியும், அந்த வீட்டில் வேறு எங்கேயும் ஒரு முகம் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. தலைமாட்டில் உட்கார்ந்தால் படுத்திருப்பவருக்கு எதுவும் தெரியாது, கை மட்டும்தான்.

துணி வேண்டாம் என்று அவள் சொன்னது இருட்டுக்குப் பயந்து இல்லை.

வாழ்நாளெல்லாம் டிவியையும் ஜன்னலையும் பார்த்துக்கொண்டே அவளுக்குக் காது கொடுத்தவன் நான். அந்த ஒரு நேரத்தில்தான் எழுந்து போக முடியாமல், வேறு எங்கும் திரும்ப முடியாமல், அவளுக்கு நேராக உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அன்று நான் அழுத அழுகைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு விஜயாவை நானே கூப்பிட்டேன். இந்த முறை துணி வேண்டாம் என்றேன். கண்ணை அகலத் திறந்து நாற்காலியையே பார்த்துக்கொண்டு படுத்தேன். ஒன்றும் வரவில்லை. அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே. எல்லாம் நம் மனசு செய்த வேலை என்று முடிவு கட்டி, சரி இன்றோடு விட்டுவிடலாம் என்று நினைத்த ஒருநாள், மேகமாக இருந்தது, எதுவும் தோன்றாமல் துணியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். வந்துவிட்டது. வைத்து, எடுத்து, மறுபடி வைத்தது.

அன்றிலிருந்து அதுதான் ஒப்பந்தம் மாதிரி ஆகிவிட்டது. துணி இருந்தால் வருகிறது, எல்லா நாளும் இல்லை, ஆனால் வருகிறது. துணி இல்லையென்றால் நாற்காலியும் வெயிலும்தான். அவள் என்னைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது என் கை பட்டது அவளுக்குத் தெரியவில்லை. இப்போது அவள் கை எனக்குத் தெரிகிறது, முகம் தெரியவில்லை. அவளிடம் கேட்டால் பங்கு சரியாகத்தான் பிரித்திருக்கிறோம் என்பாள். துணியை விலக்கிவிடலாம் என்று எத்தனையோ தடவை கை எழும்பியிருக்கிறது. விலக்கினால் அதுவும் போய்விட்டால் என்ன செய்வேன்?

விஜயாவுக்கு இதில் பாதிதான் தெரியும். மாதா கோயில் பாதிரியாரிடம் சொல்லவில்லை, பாவமா புண்ணியமா என்று அவர் ஏதாவது ஒன்றில் சேர்த்துவிடுவார். துறைமுகத்தில் யாரிடமும் சொல்ல முடியாது, சிரிப்பார்கள். உங்களிடம் சொல்வதற்குக் காரணம் போன மாதம் நடந்தது, அதற்கு எனக்கே ஒரு விளக்கமும் கிடைக்கவில்லை.

வழக்கம்போல விஜயா தலைமாட்டில், நான் துணியோடு. பாதத்தில் கை வந்தது. ஆனால் வைத்து எடுக்கவில்லை. நேராக வந்து பதிந்தது. கணுக்கள் இல்லை, எலும்பு இல்லை. உள்ளங்கை, முழு உள்ளங்கை. விரல் நுனிகள் ஒவ்வொன்றாக என் விரல்களைத் தொட்டுப் பார்த்தன, பெருவிரலில் தொடங்கிச் சுண்டுவிரல் வரை, இருட்டில் ஒரு பொருளைத் தடவி இன்னதென்று தெரிந்துகொள்கிற மாதிரி. உணர்ச்சி உள்ள விரல்கள்தான் அப்படித் தொடும். ரீத்தாவின் விரல்களுக்கு எல்லாம் திரும்பி வந்துவிட்டது, இனிமேல் அவள் கீரை ஆயலாம், பொத்தான் போடலாம் என்று ஒரு கணம் அப்படிச் சந்தோஷப்பட்டேன். அடுத்த கணமே உள்ளே ஏதோ இடறியது. அவள்தான் என்று நான் கண்டுபிடித்ததே அந்தப் புறங்கையை வைத்துத்தான். அது இல்லையென்றால் இது ரீத்தா என்று எதை வைத்துச் சொல்வது?

கை என் பாதத்தை மெதுவாக ஒருதரம் அழுத்தியது, பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி. அந்த அழுத்தத்தின் அர்த்தம் எனக்குத் தெரியும், தினமும் நான் கேட்ட கேள்விதான் அது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்தக் கை ஐஸில் போட்டு எடுத்த மீன் மாதிரி சில்லென்றிருந்தது.

"வருது" என்றேன். "நல்லா சூடா வருது."

விஜயா குனிந்து, "என்னண்ணே சொல்றீங்க?" என்றாள். பாதத்தில் இருந்த கை இன்னும் ஒருதரம் அழுத்திவிட்டு விலகியது. நான் துணியை எடுக்கவில்லை. அதை யாரிடம் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.